உட்காரத் தெரியாத பந்து

மாப்பிள்ளை நல்ல வேலையை விட்டது பந்து உருட்டுவதற்காகத்தான் என்று மாமனார் உறுதியாக நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? மகள் வீட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் கண்ணால் கண்டது அதைத்தான். காலையில் மகள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிப் போவாள். மாப்பிள்ளை குளித்து, தலை வாரி, பெரிய அலுவலகத்துக்குப் போகிறவர் போலச் சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்து அறைக்குப் போவார். அங்கே கணினித் திரையில் ஒரு மஞ்சள் பந்து இருக்கும். அதை மேலே தூக்குவார். கீழே விடுவார். தலையைச் சொறிவார். மறுபடியும் தூக்குவார்.

"மாப்பிள்ளை இப்ப என்ன பண்றார்?" என்று உறவுக்காரர்கள் தொலைபேசியில் கேட்டால், வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று சொல்கிற தொனியில் மாமனார் குரலைத் தாழ்த்தி, "பந்து உருட்டுறார்" என்பார். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குரலைத் தாழ்த்தினாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிதான் தாழ்த்துவார்.

மாப்பிள்ளை உண்மையில் என்னதான் செய்கிறார் என்று அவர் கேட்டதில்லை, அதனால் நாமே சொல்லிவிடலாம். நாற்காலி செய்து விற்கிற கம்பெனி ஒன்று இணையத்தில் கடை திறக்க இருந்தது. அந்தப் பக்கத்தில் நாற்காலிகள் வரிசையாக நிற்கும். ஓரத்தில் ஒரு சின்ன உருவம், அந்த மஞ்சள் பந்து, காத்திருக்கும். பார்க்கிறவர் அதை விரலால் இழுத்துவந்து எந்த நாற்காலியின் மேல் விடுகிறாரோ, அதில் அது உட்கார வேண்டும். மெத்தை என்றால் அமுங்கி, மரம் என்றால் விறைப்பாக, சுழல் நாற்காலி என்றால் அரைச் சுற்றுச் சுற்றி. அவ்வளவுதான். கேட்கிறபோது அரைநாள் வேலை. மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்தார். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் எல்லாரும் முதலில் அரைநாள் வேலை என்றுதான் நினைப்பார்கள்.

இந்த வேலை கைகூடாவிட்டால் அவர் பழைய அலுவலகத்துக்கே திரும்பிப் போக வேண்டும். சோப்புப் படத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரை அழித்து வெள்ளையாக்குவது, ஷாம்பூப் படத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரை அழித்து நீலமாக்குவது, இதுதான் அங்கே அவர் பார்த்த வேலை. "இனிமேல் அசையற படம்தான் பண்ணுவேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தவர். வீராப்புக்கு வாடிக்கையாளர் அமைவது கஷ்டம் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. சிக்கிய ஒரே ஆள் நாற்காலிக் கம்பெனிதான். பழைய அலுவலகத்தில் இப்போது மேலாளராக உட்கார்ந்திருப்பவன் இவரிடம் வேலை கற்றவன். அவன் ஏற்கெனவே செய்தி அனுப்பிவிட்டான்: "எப்ப வேணா வாங்க சார், சோப்பு நிறைய சேர்ந்திருக்கு."

நாற்காலிக் கம்பெனியின் முதலாளி ஓர் அம்மாள். அதட்டாமல், சிரிக்காமல், நேராகப் பேசுவார். முதல் மாதிரியை வீடியோ அழைப்பில் பார்த்தபோது அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது விழுது. உட்காரலை."

நாற்பத்து நாலு வயதுத் தம்பிக்கு விளங்கவில்லை. "மேலேர்ந்து கீழ வருதுங்களே மேடம்."

"தேங்காயும்தான் மேலேர்ந்து கீழ வருது. விழறதுக்கு ஒருத்தருக்கு எதுக்கு நாற்காலி? தரை போதுமே. வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள உட்கார வச்சிருங்க. முடியலன்னா போட்டோவைப் போட்டு விலையை எழுதிட்டுப் போயிடறேன்."

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு உட்காருவதே பிழைப்பாகிப் போனது.

மூன்று கருவிகளைப் பரீட்சித்துப் பார்த்தார். முதல் கருவியில் எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும். இங்கிருந்து அங்கே போ, இவ்வளவு நேரத்தில் போ, முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. காவல் நிலையத்தில் "உட்காருய்யா" என்றதும் உட்காருகிறவனைப் போல நாற்காலி நுனியில் வந்து நின்றது. இரண்டாவது கருவி புவியீர்ப்பை உள்ளேயே வைத்திருந்தது. எடை இவ்வளவு, துள்ளல் இவ்வளவு என்று சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டது. பந்து மெத்தையில் பட்டு எம்பி, கைப்பிடியில் மோதி, உருண்டு, திரையின் இடது ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. மாப்பிள்ளை கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார். அது திரும்பி வரவில்லை. கணக்கை எடுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அது இன்னும் உருண்டுகொண்டுதான் இருந்தது.

மூன்றாவது கருவியில் எழுத்தே கிடையாது, கட்டம் கட்டமாக நிலைகளை வரைய வேண்டும். சும்மா இருக்கிற நிலை, பிடிபட்ட நிலை, விட்ட நிலை, உட்கார்ந்த நிலை. கட்டங்களுக்கு நடுவில் அம்புக்குறிகள். ஓர் அம்புக்குறியை இடம் மாற்றி மாட்டிவிட்டார். அதனால் தூக்கியதும் பந்து அந்தரத்தில் சுகமாக உட்கார்ந்தது. நாற்காலியில் கொண்டுபோய் விட்டால் பதறியடித்து எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்து மாமனார் காபித் தம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"நாற்காலியப் பார்த்தா பயப்படுது போல" என்றார் அக்கறையாக.

"இல்ல மாமா, அம்பு மாறிப்போச்சு."

மாமனார் தலையை ஆட்டினார். அவருக்கு அம்பு எதுவும் தெரியவில்லை. சன்னலோரம் கிடந்த மர நாற்காலிக்குப் போனார். வெளிச்சம் நன்றாக இருப்பதால் தினமும் காலையில் அங்கேதான் பேப்பர் படிப்பார். மாப்பிள்ளைக்குப் பின்னால் அவர் உட்காருவது தினமும் நடக்கிற காரியம். ஆனால் மாப்பிள்ளை திரும்பி உட்கார்ந்து அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் மாமனார் நாற்காலி அங்கேயே இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பின்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தார். முழங்கால் மடங்கியது, இடுப்பு இறங்கியது, பாதி வழியில் அப்படியே நின்றது. வழக்குக்கு வாய்தா கொடுத்த மாதிரி ஓர் இடைவெளி. அப்புறம் இனிமேல் தாங்காது என்று தீர்ப்பாகி, மொத்த உடம்பும் பொத்தென்று இறங்கியது. வலது பக்கம் ஓர் அசைவு, இடது பக்கம் ஓர் அசைவு, ஒரு பெருமூச்சு. வழக்கு முடிந்தது.

மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். இதைவிட நன்றாக யாரால் உட்கார முடியும்?

படத்தை அசைக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அசைவு வரமாட்டேன் என்று அடம் பிடித்தால், உயிருள்ள யாரையாவது வீடியோ எடுத்து, அதிலிருந்து நேரத்தை மட்டும் உருவிக்கொள்வார்கள். முகம் வேண்டாம், உடம்பு வேண்டாம். எங்கே மெதுவானார், எங்கே நின்றார், எங்கே விட்டார் என்பது போதும். அந்த நேரத்தை ஒரு பந்துக்குக் கொடுத்தாலும் பந்து உயிர் பெற்றுவிடும்.

மறுநாள் காலை மாமனார் வருவதற்குள் மாப்பிள்ளை தன் போனைப் புத்தக அலமாரியில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் செருகினார். கோணம் சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. தானே போய் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து, அங்கிருந்து போனை எட்டிப் பார்த்து, எழுந்து வந்தார். அதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம். பதிவுப் பொத்தானை அவசரமாக ஓர் அழுத்து அழுத்திவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கணினி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மாமனார் வந்தார், வாய்தா வாங்கினார், உட்கார்ந்தார், யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். மாப்பிள்ளை நைசாக எழுந்து அலமாரிக்குப் போய், பொத்தானை மறுபடி அழுத்தி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போனில் இரண்டு வீடியோ இருந்தது. ஒன்று முழுக்க இருட்டு, ஏதோ கைபட்டுப் பதிவானது. இன்னொன்றில், சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பு நிழலாக ஓர் ஆள் உட்காருவது அழகாக விழுந்திருந்தது. முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்காமல், அதில் உட்காருகிற துண்டை மட்டும் வெட்டினார், சத்தத்தை எடுத்தார், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுக்கு 'மாமா' என்று பெயர் வைத்தார். சீர்செய்து 'மாமா சரி' என்று வைத்தார். பிறகு 'மாமா கடைசி'. பிறகு 'மாமா கடைசி இதுதான்'. இந்தத் தொழிலில் கடைசி என்று பெயர் வைத்த எதுவும் கடைசியாக இருந்ததில்லை.

இடுப்பில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி போகிற வழியைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து, அதை அப்படியே பந்துக்குக் கொடுத்தார். சாயங்காலம் பந்தைத் தூக்கி மர நாற்காலியில் விட்டார்.

பந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. இறங்கியது. பாதியில் நின்றது. பொத்தென்று அமர்ந்தது. வலம், இடம் அசைந்தது. மெல்ல உப்பி அடங்கியது.

மாப்பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணும் காதும் கைகாலும் இல்லாத ஒரு மஞ்சள் உருண்டை, நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்த மனுஷனைப் போல உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு காபி கொடுக்கலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மனைவி வந்ததும் கையைக்கூடக் கழுவ விடாமல் இழுத்துவந்து காட்டினார். அவள் பந்தைத் தூக்கி விட்டாள். சிரித்தாள். இன்னொரு முறை விட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது முறை சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க... இது எங்க அப்பா!"

"பந்துடி இது."

"பந்துதான். ஆனா அப்பா. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

குட்டு வெளிப்பட்ட பிறகு மறைத்து என்ன பிரயோஜனம்? மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எங்க சின்ன மாமா ஒருதடவை விருந்தாளிங்க முன்னாடி அப்பா நடக்கிற மாதிரி நடந்து காட்டினாரு, தெரியுமில்ல? சும்மா, இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும். அப்பா இன்னைக்கு வரைக்கும் அவரோட பேசறதில்லை. நாலு பேர் பார்த்ததுக்கே அந்தக் கதி. நீங்க ஊர் உலகத்துக்கே காட்டப் போறீங்க. அதுவும், வர்றவன் போறவன் எல்லாம் அப்பாவைத் தூக்கித் தூக்கிப் போடப் போறான்!"

"பேர் போடலையே."

"பேரா வேணும்? ஒழுங்கா அவர்கிட்டயே கேட்டுருங்க."

"என்னன்னு கேக்கறது? 'மாமா, உங்க இடுப்பை இணையத்துல போட்டுக்கட்டுமா'ன்னா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "அப்பன்னா ஆளை மாத்துங்க."

மறுநாள் முழுக்க மாப்பிள்ளை ஆளை மாற்றினார். பந்தைப் பச்சையாக்கினார். "பச்சைச் சட்டை போட்ட அப்பா" என்றாள் மனைவி. சதுரமாக்கினார். "இளைச்சுப் போயிட்டார்." முக்கோணமாக்கினார். "கோவமா இருக்கார்." ஒரு பூனையை வரைந்து, வால் வைத்து, மீசை வைத்து விட்டார். மீசை வைத்த பிறகு ஒற்றுமை அதிகமாகிவிட்டது. கடைசியில் அந்தப் பாதிவழி வாய்தாவை எடுத்துப் பார்த்தார். எடுத்த மாத்திரத்தில் உயிர் போய்ப் பழையபடி தேங்காய் விழுந்தது. திருப்பி வைத்தால் மாமனார், எடுத்தால் தேங்காய். நடுவில் ஒரு வழி கிடையாது என்பது தெளிவாகிவிட்டது.

புதன்கிழமை முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தேங்காயைக் காட்டினால் சோப்பு. பந்தைக் காட்டினால் மாமனார் பெட்டியைத் தூக்குவார், மனைவி முகத்தைத் தூக்குவாள். இரண்டுக்கும் நடுவில் யோசித்து யோசித்து ஒரு கெட்டிக்காரத்தனம் கண்டுபிடித்தார். அழைப்பு நடக்கிற நேரத்தில் மாமனார் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு பக்கம் திறக்கும்போது திறக்கும். அவர் இணையத்தில் நாற்காலியா வாங்கப் போகிறார்?

வியாழக்கிழமை காலையில் அவரை நூலகத்துக்கு வழியனுப்பி வைத்தார். அங்கே எல்லாப் பேப்பரும் கிடைக்கும், கூட்டம் இருக்காது, நடந்தால் முழங்காலுக்கும் நல்லது என்று பக்குவமாகச் சொன்னார். மாமனார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளை ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு அழைப்பில் சேர்ந்தார்.

முதலாளி அம்மாள் தன் அலுவலகத்தில் இருந்தபடியே பந்தைப் பிடித்தார். மர நாற்காலியில் விட்டார். பந்து பின்னால் நகர்ந்து, இறங்கி, பாதியில் நின்று, பொத்தென்று அமர்ந்தது.

அம்மாள் மெத்தை நாற்காலியில் விட்டுப் பார்த்தார். அமுங்கி உட்கார்ந்தது. சுழல் நாற்காலியில் விட்டார். அரைச் சுற்றுச் சுற்றி, நிதானத்துக்கு வந்து, உப்பி அடங்கியது. சிரிக்காத அந்த முகத்தில் உதடு ஓரம் லேசாக வளைந்ததை மாப்பிள்ளை பார்த்தார்.

"உட்காருது தம்பி" என்றார் அம்மாள். "நிஜமாவே உட்காருது. எப்படிப் பண்ணீங்க?"

மாப்பிள்ளை பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது அறைக்கதவு திறந்தது. நூலகத்துக்கு அன்று வார விடுமுறை. குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு இடைஞ்சல் வேண்டாமே என்று அடிமேல் அடி வைத்து, மாமனார் சன்னலோர நாற்காலிக்குப் போனார். திரையின் மூலையில், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், அந்தக் காட்சி அப்படியே அம்மாளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். நகர்ந்தார். இறங்கினார். பாதியில் நின்றார். பொத்.

அம்மாள் முன்னால் குனிந்தார். "ஒரு நிமிஷம். பின்னாடி ஒரு பெரியவர் உட்கார்ந்தாரே, அவர்தானே இது?"

மாமனாரின் கையில் பேப்பர் அசையாமல் நின்றது. "எது நான்?"

மாப்பிள்ளை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பொய் ஒன்றும் சமயத்துக்குக் கைகொடுக்கவில்லை. நாற்காலியோடு திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்: "மாமா, மன்னிச்சுக்குங்க. இந்தப் பந்து நீங்கதான். நீங்க உட்காருறதை உங்களுக்குத் தெரியாம வீடியோ எடுத்து, அந்த அசைவை இதுக்குக் கொடுத்திருக்கேன். கேட்டிருக்கணும். பயமா இருந்துச்சு, கேட்கலை."

மாமனார் எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை மவுஸைக் கையில் கொடுக்க, பந்தைத் தூக்கி நாற்காலியில் விட்டார். முழுவதும் பார்த்தார். இன்னொரு தடவை விட்டார். அவர் முகம் போன போக்கை மாப்பிள்ளையால் படிக்க முடியவில்லை.

"நான் இப்படியா உட்காருறேன்?"

மாமனார் மவுஸைக் கீழே வைத்தார்.

"நான் ஏதோ இடுப்பு பிடிச்ச மாதிரி பாதியில நின்னு, பொத்துன்னு... ஒருநாளும் கிடையாது. நீதிபதிங்க முன்னாடி உட்கார்ந்தவன் நான். ஆதாரம் இருக்கா?"

"வீடியோ இருக்கு மாமா."

"வெட்டினது ஒட்டினது வேண்டாம். மூலத்தைப் போடுங்க."

மாப்பிள்ளை போனை எடுத்தார். அன்றைய வீடியோவை வெட்டாமல், முதலிலிருந்து, சத்தத்தோடு, மூன்று பேரும் பார்க்கிற மாதிரி கேமரா முன்னால் பிடித்தார்.

முதலில் திரை முழுக்க மாப்பிள்ளையின் முகம், போனைச் செருகுகிற முகம். பிறகு முதுகு. நிழலுருவம் நாற்காலிக்குப் போனது. ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பின்னால் நகர்ந்து, இறங்கி, பாதியில் நின்று, பொத்தென்று விழுந்து, வலமும் இடமும் அசைந்தது. "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு கேட்டது. அதன்பின் அந்த நிழல் எழுந்து, போனை நோக்கி நேராக நடந்து வந்தது. வர வர வெளிச்சம் பட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை. மாப்பிள்ளையின் சட்டை. அதற்கு மேலே மாப்பிள்ளையின் முகம்.

செருப்புச் சத்தம், அவசரமாக ஒரு விரல், வீடியோ முடிந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. போனைச் செருகும்போதே கைபட்டுப் பதிவு தொடங்கியிருக்கிறது. தொடங்குவதாக நினைத்து அழுத்தியபோது நின்றிருக்கிறது.

"யாரு மாப்பிள்ளை அது?" என்று கேட்டார் மாமனார். இவ்வளவு இனிமையான குரலில் அவர் பேசி மாப்பிள்ளை கேட்டதில்லை.

"நான்தான் மாமா."

"தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. இடுப்பும் தெரியாது போல." மாமனார் அம்மாளைப் பார்த்து, "குறிச்சுக்குங்க அம்மா, அது நான் இல்லை" என்றார்.

நீதிமன்றம் அத்தோடு கலைந்திருந்தால் மாமனாருக்கு முழு வெற்றி. ஆனால் போன் தானாகவே அடுத்த வீடியோவுக்குப் போயிற்று. அதில் இருட்டு. சட்டைப் பையின் உள்பக்கம். நிறுத்துவதாக நினைத்து அழுத்தியபோது தொடங்கிய பதிவு. அந்த இருட்டுக்குள்ளிருந்து மாமனாரின் தாழ்த்திய குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி தெளிவாக வந்தது:

"இல்லல்ல, வேலைக்கெல்லாம் போறதில்லை... அதான் சொன்னேனே, பந்து உருட்டுறார்... ஆமா, நாள் பூரா... பாவம், நல்ல பிள்ளைதான்..."

மாப்பிள்ளை போனை நிறுத்தினார். இப்போது மாமனார் தரையைப் பார்த்தார். முதலாளி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைமேல் தலை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்குவது மட்டும்தான் தெரிந்தது. ஒருவழியாக நிமிர்ந்து கண்ணைத் துடைத்தார்.

"வேலை உங்களுக்குத்தான் தம்பி. ஒப்பந்தம் அனுப்பறேன். ஒரே ஒரு கண்டிஷன். அந்த 'அப்பாடா' சத்தம் இருக்கு பாருங்க, அதையும் சேர்த்திருங்க. அதுக்காகத்தான் ஜனங்க நாற்காலி வாங்கறாங்க."

அழைப்பு முடிந்த பிறகு அறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாமனார்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. எனக்குப் புரிஞ்சதை நான் சொன்னேன்."

"பரவாயில்ல மாமா. உருட்டத்தானே செஞ்சேன்."

மாமனார் மறுபடி மவுஸைப் பிடித்துப் பந்தைத் தூக்கி விட்டார். அது உட்காருவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுது, இது நான் இல்லைன்னு. இது உங்க அப்பா. சம்பந்தி இங்க இருந்தப்போ, நான் வர்றப்பல்லாம் நாங்க ரெண்டு பேரும் ஒரே பேப்பரைப் பிரிச்சுப் படிப்போம், ஞாபகம் இருக்கா? நான் முதல்லயே போய் உட்கார்ந்துடுவேன். அவர் வருவார். நாற்காலிய ஒருதடவை பார்ப்பார். பாதியில நின்னு, அன்னைக்கு என்ன சேதின்னு ஒரு வார்த்தை சொல்லுவார். அப்புறம்தான் உட்காருவார். அந்தப் பாதியில நிக்கறது இருக்கே, அவரைத் தவிர வேற யாருக்கும் வராது. உங்களுக்கு வந்திருக்கு."

மாப்பிள்ளை பந்தையே பார்த்தார். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. முகத்தை நினைத்துப் பார்க்கலாம், குரலை நினைத்துப் பார்க்கலாம். உட்காருவதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? மூன்று நாளாக அந்த அசைவைப் புள்ளி புள்ளியாகப் பார்த்தும், வேறு யாருடையதோ என்று வேலை பார்த்திருக்கிறார். அப்பா விட்டுப்போன துக்கம் அவரை அன்றைக்குத்தான், நாற்காலிக் கம்பெனி ஒப்பந்தம் கிடைத்த சந்தோஷத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனார் பார்க்காத மாதிரி பேப்பரை மடித்தார்.

சாயங்காலம் மனைவி வந்து முழுக் கதையையும் கேட்டாள். வீடியோவைப் பார்த்தாள். பந்தைப் பார்த்தாள். சோபாவில் சரிந்தாள்.

"பதினாலு வருஷமா எங்க அப்பா மாதிரி உட்காருற ஆளோட குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கே யார் யாருன்னு தெரியாமப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வாசல்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. அப்பாவும் அப்படித்தான் உட்காருறார். அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

அடுத்த வாரம் நாற்காலிக் கம்பெனியின் பக்கம் திறந்தது. ஊர் பேர் தெரியாத ஜனங்கள் பந்தைத் தூக்கித் தூக்கி விட்டார்கள். மாப்பிள்ளையின் 'அப்பாடா' எங்கெங்கேயோ கேட்டது. பழைய அலுவலகப் பையனுக்கு, சோப்பை வேறு யாரிடமாவது கொடுக்கும்படி அவர் பணிவாகப் பதில் அனுப்பினார். உறவுக்காரர்கள் போனில் கேட்டால் மாமனார் இப்போது குரலைத் தாழ்த்துவதில்லை. "ஆளுங்களை உட்கார வைக்கிறார்" என்று கணீரென்று சொல்கிறார். கேட்கிறவர்களுக்கு அது இன்னும் குழப்பமாக இருக்கிறது.

காலையில் மாமனார் சன்னலோர நாற்காலியில் வந்து உட்காருகிறார். ஆனால் உடனே பேப்பரைப் பிரிப்பதில்லை. பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை கணினியைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறவரை காத்திருக்கிறார்.

"மெத்தை வேண்டாம் மாப்பிள்ளை, அவருக்கு ஆகாது. மர நாற்காலில விடுங்க."

மாப்பிள்ளை பந்தைப் பிடித்து மர நாற்காலியில் விடுகிறார். பந்து நகர்கிறது, இறங்குகிறது, பாதியில் நிற்கிறது. அந்த இடத்தில் மாமனார் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டுகிறார், யாரோ ஏதோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. பந்து உட்கார்ந்து அடங்குகிறது.

"சரி, சம்பந்தி உட்கார்ந்துட்டார்" என்று சொல்லிவிட்டு மாமனார் பேப்பரைப் பிரிக்கிறார்.